உருது பேசுற பிள்ளைகளோட மனநலனை எந்தப் படிவத்தை வச்சு அளக்குறது? ஏர்வாடியிலிருந்து ஒரு கேள்வி

கீழக்கரை லாத்தா எழுதியது:

எல்லாருக்கும் சலாம், வணக்கம்.

நான் கீழக்கரைக்காரி. என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச பிறகு அஞ்சல் வழியில உளவியல் முதுகலை சேர்ந்தேன். இது கடைசி வருஷம், ஆய்வேடு எழுதணும். வாரத்துல மூணு சாயங்காலம் ஏர்வாடி தர்கா பக்கத்துல ஒரு வீட்டுத் திண்ணையில டியூஷன் எடுக்கிறேன். அங்கே வர்ற பிள்ளைகளைப் பத்தித்தான் கேள்வி. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

ஏர்வாடி தெரியாதவங்களுக்காக: மனசு சரியில்லாதவங்களைப் பாதுஷா நாயகம் தர்காவுக்குக் கூட்டிட்டு வந்து, மாசக்கணக்கா வாடகை அறையில தங்கவைக்கிற வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையா உண்டு. கேரளா, கர்நாடகா, ஆந்திராவுல இருந்தெல்லாம் வருவாங்க. எந்த மதம்னு கணக்கில்லை. நோயாளி தாயா இருந்தா பிள்ளையும் கூட வந்துரும், ஊர்ல விட்டுட்டு வர ஆள் இருக்காது. பெரும்பாலும் மூத்த பொம்பளைப் பிள்ளை. தகப்பன் கொண்டுவந்து விட்டுட்டு வேலைக்குத் திரும்பிருவாரு. பிள்ளையோட படிப்பு அன்னையோட நிக்கும். அப்படி நின்னுபோன பிள்ளைகள் என் திண்ணைக்கு வருது. அதுல உருது பேசுறதுங்க ஒன்பது பேர், 12 வயசுல இருந்து 17 வரைக்கும்.

இந்தப் பிள்ளைகள் எப்படி இருக்குதுங்கன்னு யாரும் கேட்கிறதே இல்லை. நோயாளியைப் பத்திக் கேட்பாங்க, நோயாளி கூட இருக்கிற பிள்ளைகிட்ட "அம்மா சாப்பிட்டாங்களா"ன்னு மட்டும் கேட்பாங்க. அதனாலதான் இதையே ஆய்வுக்கு எடுத்துக்கிட்டேன்.

வழிகாட்டி சொன்னபடி உளவியலாளர் ரிஃப் அம்மையாரோட உளநல அளவுகோலை எடுத்தேன். 1989-ல வந்தது. தன்னை ஏற்றுக்கொள்ளுதல், மத்தவங்களோட நல்ல உறவு, சுயமா முடிவெடுத்தல், சூழலைச் சமாளித்தல், வாழ்க்கையில ஒரு நோக்கம், வளர்ச்சின்னு ஆறு கூறு. 84 வாக்கியம், 42, 18ன்னு பல அளவுல கிடைக்குது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1-ல இருந்து 6 வரைக்கும் ஒரு எண்ணுல வட்டம் போடணும். 42 உள்ள உருது மொழிபெயர்ப்பை எடுத்து நகல் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். எனக்கு உருது வராது. எழுத்து அரபி மாதிரி இருக்கு, பிள்ளைகள் எல்லாம் குர்ஆன் ஓதுறதுங்க, வாசிச்சிரும்னு நினைச்சேன்.

ஒரு பிள்ளை, 14 வயசு, பெல்லாரிப் பக்கத்துல இருந்து வந்தது. படிவத்தை மடியில வச்சு, ஆள்காட்டி விரலை எழுத்து எழுத்தா நகர்த்தி, உதடு அசைய வாசிச்சுது. முதல் வரி முடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. விரல் சில எழுத்துல நின்னு நின்னு போச்சு. அரபியில இல்லாத எழுத்து அதுன்னு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டப்பதான் புரிஞ்சது: அது வாசிக்கலை, ஓதிக்கிட்டு இருக்கு. சின்ன வயசுல நாம யஸ்ஸர்னல் குர்ஆன்கிற அரபிப் பாலபாடத்தை வச்சுக்கிட்டு அர்த்தம் தெரியாம எழுத்துக்கூட்டினோமே, அதே மாதிரி. ஆறாவது வாக்கியத்துக்கு மேல முடியலை போல. மேலே இருந்து கீழே வரைக்கும் எல்லாத்துக்கும் 4-ல வட்டம் போட்டு, ரெண்டு கையாலயும் மரியாதையா நீட்டிச்சு.

கூட்டிப் பார்த்தேன். 147. வழிகாட்டிகிட்ட கேட்டேன். "நடுத்தர உளநலம்னு எழுதிக்கங்க"ன்னு பதில் வந்தது.

அந்தப் பிள்ளை நடுத்தரமா இல்லை. ராத்திரி தன் துப்பட்டா முனையை அம்மா மணிக்கட்டுல முடிஞ்சுக்கிட்டுத்தான் தூங்குது. அம்மா எழுந்து நடந்தா இழுபட்டு முழிப்பு வரணும்னு. எட்டு மாசமா அப்படித்தான்.

இன்னொரு பையனுக்கு 16 வயசு. அவனுக்கு உருது வாசிக்க வரும், மதரசாவுல படிச்சவன். வாழ்க்கையில மக்ஸத், அதாவது நோக்கம், இருக்கான்னு வர்ற எல்லா இடத்துலயும் முழு மதிப்பெண் போட்டான். என்னப்பா உன் மக்ஸத்னு கேட்டேன். "அல்லாஹ்வை வணங்குறது"ன்னான். அது பொய்யில்லை. அவன் ஈமான்தான் (இறைநம்பிக்கைதான்) அவனை நிமிர்த்தி வச்சிருக்குன்னு எனக்கே தெரியும். ஆனா அடுத்த மாசம் என்ன செய்யப்போறேன்னு கேட்டா தரையைப் பார்க்கிறான். அந்தக் கேள்வி தேடுறது அந்த ரெண்டாவது பதிலைத்தானே?

எனக்கு வேணும்கிறது இதுதான். இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்துற உருதுப் படிவம் வேற ஏதாவது இருக்கா? இல்லைன்னா இதையே எப்படிச் சரிபண்றது? 147-ஐ எழுதி ஆய்வேட்டை முடிச்சிரலாம், யாரும் கேட்கமாட்டாங்க. எனக்கு மனசு வரலை.

---

வாணியம்பாடி டீச்சர்:

ஆபா (அக்கா), சலாம். எங்க வீட்டு மொழியே இதுதான், அதனால முதல்ல நான் சொல்றேன்.

நீங்க கொடுத்த படிவம் புத்தக உருது. கராச்சியிலயும் லாகூர்லயும் பள்ளிக்கூடத்துல உருது படிச்ச பிள்ளைகளுக்குச் சரியா இருக்கும். உங்க திண்ணைக்கு வர்ற பிள்ளைகள் பேசுறது தக்னி, தெற்கத்தி வீட்டுப் பேச்சு உருது. ரெண்டும் ஒண்ணுன்னு வெளியே இருந்து பார்க்கிறவங்க நினைப்பாங்க. எங்களுக்குள்ளயே புத்தக உருதுல ஒருத்தர் பேசினா ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்) கேட்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துருவோம். அது வீட்டுப் பேச்சு இல்லை. மனசைப் பத்தின கேள்வியை அந்த மொழியில கேட்டா, பிள்ளை மனசுல இருந்து பதில் சொல்லாது, பரீட்சைக்குப் பதில் சொல்லும்.

உதாரணத்துக்கு, சுயமா முடிவெடுக்கிறதுக்கு அந்தப் படிவத்துல "குத்முக்தாரி" மாதிரி ஒரு சொல் இருக்கலாம். எங்க பிள்ளை எதுவும் வீட்டுல அந்தச் சொல்லைக் கேட்டிருக்காது. "மேரீச் மர்ஜி"ன்னா உடனே புரியும். ஆனா பாருங்க, "மேரீச் மர்ஜி"ன்னு சொல்ற பொம்பளைப் பிள்ளைக்கு எங்க பக்கம் திமிர் பிடிச்சதுன்னு பேரு. அப்போ நல்ல பிள்ளை எதுவும் அதுக்கு ஆமான்னு சொல்லாது. சொல்லை மாத்தினா மட்டும் போதாது, ஆபா.

பதில் கட்டத்தையும் மாத்துங்க. "முழுவதும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்"னு ஆறு படி வச்சா எங்க பிள்ளைகள் குழம்பும். "ஹமேஷா, கபி கபி, கபிச் நை"ன்னு கேளுங்க. எப்பவும், எப்பவாவது, எப்பவுமே இல்லை. இன்னொண்ணு, யாராவது உங்களுக்கு உதவி பண்ண வந்து "நக்கோ"ன்னு எழுதிறப்போறாங்க. நக்கோன்னா வேண்டாம். இல்லைங்கிறதுக்கு "நை". எங்க பேச்சைக் கேலியா நடிக்கிறவங்க எல்லாத்துக்கும் நக்கோ போடுவாங்க, அதனால சொல்றேன்.

டீச்சர் கேட்டா "ஹௌ"ன்னு சொல்ற பழக்கமும் உண்டு. ஹௌன்னா ஆமா. புரிஞ்சாலும் ஹௌ, புரியலைன்னாலும் ஹௌ. நான் 19 வருஷமா வகுப்புல பார்க்கிறேன். ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டுப் பாருங்க, அதுக்கும் ஹௌ வந்தா அந்த ஹௌ மரியாதைக்கு வந்ததுன்னு தெரிஞ்சுக்கலாம்.

எழுத்தைப் பத்தி ஒரு விஷயம். எங்க ஊர்ல உருது வழிப் பள்ளிக்கூடம் இருக்கு, இங்கே பிள்ளைகள் வாசிக்கும். பெல்லாரிப் பிள்ளை கன்னட வழியில படிச்சிருக்கலாம். கேட்டுப் பாருங்க. தக்னியைக் கன்னட எழுத்துல எழுதிக் கொடுத்தா அது சரளமா வாசிக்கும். இல்லைன்னா எழுத்தே வேண்டாம், வாயால கேளுங்க. ஒன்பது பேர்தானே.

---

மதுரை உளவியல்:

கல்லூரியில் உளவியல் அளவீடு பாடம் எடுப்பவன். உங்கள் 147 பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தற்செயலாக வந்த எண் இல்லை.

அந்த அளவுகோலில் ஏறத்தாழ பாதி வாக்கியங்கள் எதிர்மறையானவை. அவற்றைத் திருப்பிக் கணக்கிட வேண்டும்: 6 போட்டால் 1, 4 போட்டால் 3. எதையும் வாசிக்காமல் 42-க்கும் 4 என்று வட்டம் போட்ட பிள்ளைக்கு, சரிபாதி என்று வைத்துக்கொண்டால், 21 வாக்கியத்தில் 4, மீதி 21-இல் 3. கூட்டினால் 84, 63, மொத்தம் 147. மிகக் குறைந்த மதிப்பெண் 42, மிக அதிகம் 252. இரண்டுக்கும் நட்டநடு 147. அதாவது அந்தத் தாள் சொல்வது "எனக்கு வாசிக்க வரவில்லை" என்பதை மட்டும்தான். அதை நடுத்தர உளநலம் என்று எழுதுவது தவறு. இன்னொரு தவறும் சேர்ந்திருக்கிறது: ரிஃப் அளவுகோலுக்கு இத்தனைக்கு மேல் நல்லது, இத்தனைக்குக் கீழ் மோசம் என்ற வெட்டுப்புள்ளியே கிடையாது. குழுக்களை ஒப்பிடலாம். ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்த அது உதவாது.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். வழக்கமான முறை 1970-இல் பிரிஸ்லின் எழுதியது: ஒருவர் பெயர்க்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவர வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். எல்லா ஆய்வேட்டிலும் இந்த ஒரு பத்தி இருக்கும். ஆனால் உங்கள் 16 வயதுப் பையனை இந்த முறை பிடித்திருக்காது. "மக்ஸத்" என்ற சொல் போகும்போதும் நோக்கம், திரும்பி வரும்போதும் நோக்கம். மொழிபெயர்ப்பில் குறையே இல்லை. கேட்பவன் காதில் அந்தச் சொல் தீனோடு (மார்க்கத்தோடு) சேர்ந்து விழுகிறது என்பதை, அவனிடம் "இந்தக் கேள்வி உனக்கு என்னவென்று படுகிறது, உன் வார்த்தையில் சொல்லு" என்று கேட்டால்தான் அறிய முடியும். அப்படிக் கேட்பதும் ஒரு முறையான ஆய்வுப் படிதான். நீங்கள் உள்ளுணர்வால் செய்ததைப் பதிவுசெய்யுங்கள், அது உங்கள் ஆய்வின் தரவு.

அளவுகோலின் நம்பகத்தன்மைக்குக் கணக்கிடும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்கு மேல் வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பி நிறுத்திவிடாதீர்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றன என்பதைத்தான் அது சொல்லும், எதை அளக்கின்றன என்பதைச் சொல்லாது. எல்லா வாக்கியமும் ஒரே திசையில் இருந்து, எல்லாவற்றுக்கும் சிலர் ஹௌ, சிலர் நை என்று சொன்னால் ஆல்ஃபா இன்னும் அழகாக உயரும்.

ஒன்பது பிள்ளைகளை வைத்து அளவுகோலைத் தரப்படுத்த முடியாது. 42 வாக்கியத்துக்குக் காரணிப் பகுப்பாய்வு (எந்த வாக்கியங்கள் ஒரு கூறாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்யச் சில நூறு பேராவது வேண்டும். எனவே உங்கள் கேள்வியையே மாற்றச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவத்தை எடுங்கள். 1998-இல் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாடத்தில் மனதுக்குப் பிடித்தவை இருந்தனவா, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு. 50-க்குக் கீழே வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நோய் என்று அர்த்தமில்லை. அந்த ஐந்து கேள்வியைத் தக்னிப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையே ஆய்வாக்குங்கள். மூலத்தில் ஆறு படி இருக்கிறது. டீச்சர் சொன்ன சொற்களை இரண்டு முனைக்கும் நடுவுக்கும் வைத்து, இடைப் படிகளுக்குக் கூழாங்கல் அடுக்கிக் கேட்கலாம்.

சிரமங்களையும் பார்க்க வேண்டுமானால் குட்மனின் 25 கேள்விப் படிவம் இருக்கிறது. 1997. தமிழ், உருது இரண்டிலும் கிடைக்கும், தாளில் அச்சிட்டுப் பயன்படுத்தக் காசு இல்லை. அதன் உருது வடிவத்தைக் கராச்சிப் பிள்ளைகளிடம் சோதித்து 2005-இல் கட்டுரை வெளியாகியிருக்கிறது. ஆனால் வாணியம்பாடி டீச்சர் சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

ஒப்புதல் வாங்கினீர்களா? 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தாய் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லையென்றால் தகப்பனிடம் விளக்கி வாங்குங்கள். கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் இந்தச் சூழலைத் தனியாக எழுதிச் சொல்லுங்கள்.

---

பாம்பன் அண்ணாச்சி:

தங்கச்சி, நான் உளவியல் படிச்சவன் இல்ல. அரசு ஆஸ்பத்திரியில ஆண் செவிலியரா இருந்து ஓய்வானவன். அந்தத் துப்பட்டா முடிச்சைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை உங்க ஏர்வாடியில தீப்பிடிச்சப்ப 28 பேர் செத்தாங்க. காப்பகத்துல சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல. அதுக்கப்புறம்தான் கோர்ட்டு, தடை, ஆய்வு எல்லாம் வந்துச்சு. சங்கிலி போச்சு. இந்தப் பிள்ளை தன்னையே கட்டிக்கிட்டு இருக்கு. அதை ஒரு நாளாவது அவுத்துட்டுத் தூங்கவிட வழி பாருங்க, படிவம் அப்புறம்.

கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி, பதில் மோசமா வந்தா எங்கே கூட்டிப்போறதுன்னு முடிவு பண்ணி வச்சுக்கணும். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. ராத்திரியில அவசரம்னா 14416 மனநல உதவி எண், காசு கிடையாது. பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098. தாளோட பின்பக்கத்துல எழுதி ஒவ்வொரு பிள்ளை கையிலயும் கொடுங்க.

எப்பக் கேட்கிறீங்கங்கிறதும் முக்கியம். எங்க பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நேரத்துல எங்க பிள்ளைகள்கிட்ட ரெண்டு வாரமா சந்தோஷமா இருந்தியான்னு கேட்டா ஒரு பதில், படகு போன பிறகு கேட்டா வேற பதில். அப்பன் இலங்கைக்காரன்கிட்ட பிடிபட்டிருந்தா அது வேற. உங்க ஊர்ல சந்தனக்கூடு நேரத்துல கேட்டுறாதீங்க. கூட்டமும் விளக்கும் பார்த்த பிள்ளைக்கு அந்த வாரம் மனசு நல்லாத்தான் இருக்கும்.

---

கீழக்கரை லாத்தா:

மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. பதினெட்டு நாள் கழிச்சு எழுதுறேன், செஞ்சு பார்த்துட்டு எழுதணும்னு இருந்தேன்.

147 கணக்கைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. அந்த ஒன்பது தாளையும் எடுத்துப் பார்த்தேன். நாலு தாள்ல ஒரே எண்ணு கீழே வரைக்கும். நாலையும் தனியா எடுத்து வச்சிட்டேன், ஆய்வேட்டுல அதைப் பத்தி எழுதப்போறேன், மறைக்கமாட்டேன்.

அந்த ஐந்து கேள்வியை வாணியம்பாடி டீச்சர் போன்ல தக்னியில சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்துல எழுதிக்கிட்டேன். எழுதும்போது ஒண்ணு கவனிச்சேன். எனக்கு உருது வராதுன்னு இத்தனை நாள் ஒதுங்கி இருந்தேனே, பாதிச் சொல் எங்க வீட்டுச் சொல்லு. முஸீபத்து (கஷ்டம்), நசீபு (விதி), ராஹத்து (நிம்மதி), கல்பு (மனசு). எங்க உம்மா "கல்பு கலங்குது"ம்பாங்க. பிள்ளைகளும் கல்புங்கிறதை உச்சரிப்பு கொஞ்சம் மாத்திச் சொல்லுதுங்க, அவ்வளவுதான். தமிழும் தக்னியும் சேர்ற இடம் அந்த அரபிச் சொல்லுதான். அதுல இருந்து ஆரம்பிச்சா பிள்ளைகள் என்கிட்ட பேசுதுங்க.

"ரெண்டு வாரமா"ங்கிறது சரியா விழலை. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைக்குத் திங்கள், வெள்ளி எல்லாம் ஒண்ணுதான். தர்காவுல வியாழக்கிழமை ராத்திரிதான் கூட்டம், அதை வச்சுத்தான் இங்கே எல்லாரும் நாள் எண்ணுறாங்க. "போன ஜுமேராத்துக்கு முந்தின ஜுமேராத்துல இருந்து"ன்னு கேட்டேன். உடனே பிடிபட்டுச்சு.

அண்ணாச்சி சொன்னபடி முதல்ல தாயைக் கவனிச்சோம். தகப்பன்கிட்ட போன்ல பேசினேன். முதல்ல மருந்துன்னதும் தயங்கினாரு. துஆவை (பிரார்த்தனையை) விடச் சொல்லலை, அதோட சேர்த்து மாத்திரையும் இருக்கட்டும்னு சொன்னேன். சம்மதிச்சாரு, ஆய்வுக்கும் ஒப்புதல் கொடுத்தாரு. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு நானும் அந்தப் பிள்ளையும் அவங்களைக் கூட்டிட்டுப் போனோம். பஸ்ல ஜன்னல் பக்கம் அம்மாவை உட்காரவச்சு, பிள்ளை நடுவுல, நான் ஓரத்துல. மாத்திரை கொடுத்திருக்காங்க, மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.

அதுக்கப்புறம்தான் பிள்ளைகிட்ட கேள்வி கேட்டேன். கடற்கரையில, பாசி எடுக்கிற பொம்பளைங்க கரையேறி மூட்டையை உலர்த்துற இடத்துல உட்கார்ந்து. கூழாங்கல் அஞ்சு பொறுக்கி வச்சேன், எப்பவும்னா அஞ்சும், எப்பவுமே இல்லைன்னா ஒண்ணும் வைக்கவேண்டாம்னு.

உற்சாகத்துக்கு ரெண்டு கல்லு வச்சுது. அமைதிக்கு "ஸுகூன்"ங்கிற சொல்லைப் போட்டுக் கேட்டேன். கல்லைக் கையில வச்சுக்கிட்டே யோசிச்சுது. "அம்மி சோகயே தோ மேரேகு ஸுகூன்"னுச்சு. அம்மா தூங்கிட்டா எனக்கு நிம்மதி. ரெண்டு கல்லு. சுறுசுறுப்புக்கு மூணு, சமையல், துணி எல்லாம் அதுதானே பார்க்குது. எழும்போது புத்துணர்ச்சி இருந்துச்சான்னு கேட்டதும் ஒரு கல்லும் வைக்கலை. மணிக்கட்டைத் தேய்ச்சுக்கிட்டுது. கடைசிக்கு ரெண்டு, திண்ணைக்கு வர்ற நாளைச் சொல்லிச்சு.

ஒன்பது. நாலால பெருக்கினா 36.

மதுரை ஐயா, 36 கிடைச்சதுல எனக்கு எவ்வளவு ஆறுதல்னு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்கமாட்டீங்கன்னு நினைக்கிறேன். 147 அந்தப் பிள்ளையை மூடி வச்சிருந்தது. இந்த எண்ணுல அது தெரியுது. ஆனா ஒரு சந்தேகம். அந்த ஸுகூன் பதில்ல பிள்ளை தன்னை அளக்கலை, தாயை அளந்துச்சு. மத்த எட்டு பேர்கிட்ட கேட்டதுல இன்னும் மூணு பிள்ளைகள் அதே மாதிரி வீட்டுல இருக்கிற நோயாளியை வச்சுத்தான் தன் நிம்மதியைச் சொல்லுச்சு. இதைக் குறைன்னு எடுத்துக்கிறதா? ரிஃப் அளவுகோலோட ஆறு கூறுல உறவுன்னு ஒண்ணு இருந்தாலும், அங்கே உறவு வேற, மனசு வேறன்னு பிரிச்சுல்ல வச்சிருக்காங்க. இங்கே பிரியலை. என் ஆய்வேட்டோட நடுப்பகுதி இதுதான்னு தோணுது.

இன்னொரு கேள்வி, இதுக்கு எனக்குப் பதில் தெரியலை. எழுந்திரிக்கும்போது அந்தக் கல்லை எல்லாம் பொறுக்கித் துப்பட்டாவுல முடிஞ்சுக்கிட்டுது. "ஆபா, இதே கேள்வியை நான் அம்மிகிட்ட கேட்கட்டா?"ன்னு கேட்டுது. அந்தப் படிவம் பெரியவங்களுக்கும் உள்ளதுதானே. கேட்கவிடலாமா?

---

மதுரை உளவியல்:

பிள்ளை கேட்க வேண்டாம். தாய் ஒரு கல்லும் வைக்காவிட்டால் அந்தப் பிள்ளை அதை ராத்திரி முழுக்கச் சுமக்கும். ஆனால் வேண்டாம் என்று சொல்லிக் கல்லைப் பிடுங்கிவிடவும் வேண்டாம். நீங்கள் கேளுங்கள். பிள்ளை பக்கத்தில் இருந்து உங்களுக்கு மொழி பெயர்த்துத் தரட்டும் என்றும் நினைக்காதீர்கள், டீச்சரைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிம்மதியைத் தாயை வைத்துச் சொன்னதைக் குறை என்று எழுதாதீர்கள். நான்கு பிள்ளைகள் சொன்னதையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே, தக்னியிலேயே ஆய்வேட்டில் போடுங்கள். தமிழாக்கம் கீழே இருக்கட்டும்.

---

வாணியம்பாடி டீச்சர்:

வியாழக்கிழமை வேண்டாம் ஆபா, அன்னைக்கு அவங்களுக்கு மனசு தர்காவுல இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, போன் போடுங்க. அந்த அம்மாவை நான் "அக்கா"ன்னு கூப்பிடட்டுமா "ஆபா"ன்னு கூப்பிடட்டுமான்னு மட்டும் பிள்ளைகிட்ட கேட்டு வைங்க. பெல்லாரிப் பக்கம் எது வழக்கம்னு எனக்குத் தெரியாது.